கலுங்கின் ஐந்தாவது கண்

பாசன இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "நீங்கள் வேலை பார்த்த அணைகளைப் பற்றி எழுதுங்கள் சார்" என்றார் உங்களில் ஒருவர். அணைகளைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். கல்வெட்டிலேயே பேர் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு பலகையைப் பற்றி. ஒரு வருஷம் அதைப் போட்டு அவமானப்பட்டேன். மறு வருஷம் போட மாட்டேன் என்று நின்றேன். என் உத்தியோகத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்று எனக்குப் போதும்.

நடுநடுவே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வைகைக்குக் குறுக்கே அணை வராத காலம். மலைக்கு அந்தப் பக்கம், மலையாள ராஜ்ஜியத்தில் பெய்கிற மழையில் ஒரு பங்கு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் வந்து வைகையில் சேரும். எவ்வளவு வரலாம், வந்தது எதற்குச் செலவாகிறது என்று இரண்டு ராஜ்ஜியத்துப் பெரிய ஆபீஸர்களும் காகிதத்தில் மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீரை மதுரை, மானாமதுரை என்று வழியெல்லாம் ஊர் ஊராகக் குடித்த பிறகு, மிச்சம் மீதி ராமநாதபுரம் கடற்கரைக்கு வரும். அந்த மிச்சத்துக்குக் காவல்காரன் நான்.

என் எல்லையில் கடைசிக் கட்டுமானம் ஒரு கலுங்கு. கடலிலிருந்து ஒரு மைல் மேலே, ஆற்றுக்குக் குறுக்கே கட்டியது. வரிசையாகக் கல்தூண்கள், அவற்றுக்கு இடையே தண்ணீர் போக ஐந்து வழிகள். அவற்றைக் கண் என்பார்கள். கண்ணில் பலகைகளை இறக்கி, இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் அடைத்தால் தண்ணீர் தேங்கி, பக்கத்து வாய்க்கால் வழியாக வெள்ளாங்குடிக் கண்மாய்க்குப் போகும். பலகையை எடுத்தால் கடலுக்குப் போகும். கலுங்குக்கு மேலே இருக்கும் வெள்ளாங்குடியில் எல்லோரும் நெல் விவசாயிகள். கீழே, ஆறு கடலில் சேரும் இடத்தில் சின்னப்பட்டினம். முஸ்லிம்கள் ஊர். ஆண்களில் பாதிப் பேர் தோணி ஏறிக் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போயிருப்பார்கள். ஊரில் பெண்களும் வயசானவர்களும்தான் இருப்பார்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கமுதிப் பக்கத்துக்காரன். மிளகாயும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பூமி. நல்ல தண்ணீர் கடலில் விழுவதைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் வயிறு எரியும். ஓவர்சீயராக வந்த முதல் தை மாதம், அந்தக் கலுங்கின் மேல் நின்று பார்த்தபோது, யாரோ எங்கள் வீட்டு அண்டாவைக் கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து வெள்ளாங்குடி அம்பலகாரர் வந்தார். அம்பலகாரர் என்றால் அந்த ஊரின் தலைவர். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, கையில் ஒரு கம்பு. அந்தக் கம்பை அவர் ஊன்றி நான் பார்த்ததில்லை.

"ஓவர்சீயர் அய்யா, கதிரு பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு தண்ணி வேணும். கண்மாயில சேறுதான் கெடக்கு. அஞ்சு கண்ணையும் அடைச்சுக் குடுங்க. கடலுக்கு எதுக்குய்யா நல்ல தண்ணி? அது என்ன வெள்ளாமையா செய்யப் போகுது?"

"வழக்கமா எத்தனை கண் அடைப்பாங்க?"

"நாலு. அஞ்சாவது தொறந்தேதான் கெடக்கும். அந்தக் காலத்துல யாரோ வச்ச வழக்கம். எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

எதுக்கென்று தெரியாது என்று ஒருவர் சொன்னால், தெரிந்தவர் யார் என்று தேடிப் போக வேண்டும். சின்னப்பட்டினத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டிருந்தால் ஊரே சொல்லியிருக்கும். நான் போகவில்லை. படித்தவன் அல்லவா! ஐந்தாவது கண்ணையும் அடைக்கச் சொன்னேன். பலகை போட்டு எடுக்கிற இலாகா ஆளை நாங்கள் லஸ்கர் என்போம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், அது வந்து..." என்றார். "போடும்யா" என்றேன். வெள்ளாங்குடியில் அந்த வருஷம் நல்ல விளைச்சல். அம்பலகாரர் எனக்கு மாலை போட்டார். கழற்ற மனசில்லாமல் அந்த மாலையோடேயே சைக்கிள் மிதித்து ஆபீஸ் வந்து சேர்ந்தேன்.

பங்குனியில் சின்னப்பட்டினத்திலிருந்து ஆள் வந்தது. "ஊத்துல தண்ணி கீழ போயிருச்சு" என்றார்கள்.

அந்த ஊரில் கிணறு கிடையாது. ஆற்றோர மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறிப்பார்கள். அதுதான் ஊற்று. மெல்ல ஊறி வருகிற தண்ணீரைப் பெண்கள் தேங்காய்ச் சிரட்டையால் கலங்காமல் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு வீட்டுக் கதை பேசி முடித்துவிடலாம். நான் போய்ப் பார்த்தபோது சிரட்டை முங்கக்கூடத் தண்ணீர் இல்லை. தண்ணீர் கீழே போனால் ஆழப்படுத்த வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆள் விட்டு இரண்டு ஆள் ஆழம் தோண்டி, செங்கல் வைத்துச் சுற்றிக் கட்ட ஏற்பாடு செய்தேன்.

அங்கே தண்ணீர் அள்ள வந்திருந்தவர்களில் மைமூன் பீவி என்று ஒருவர். நாற்பது வயசு இருக்கும். ஊர் அவரை மைமூன் லாத்தா என்று கூப்பிடும். லாத்தா என்றால் அக்கா. குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று நான் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, ஆழமாத் தோண்டாதீக. மேல மெதக்குறதுதான் நம்ம தண்ணி. கீழ கெடக்குறது உப்பு."

"மணலுக்குள்ள எங்கக்கா கடல் வந்துச்சு?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "வரும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் வெட்டிய கிணற்றில் மறுநாளே இடுப்பளவு தண்ணீர். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள் தண்ணீர் கரித்தது. ஒரு வாரத்தில் வாயில் வைக்க முடியவில்லை. அதற்கப்புறம் பக்கத்து ஊற்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உப்பாகிப் போயின.

காரணம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்ததுதான்; பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். நல்ல தண்ணீர் எடை குறைந்தது. மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் அது மிதக்கும். ஆறு கொஞ்சமாவது ஓடிக்கொண்டிருந்தால் கடலை அங்கேயே நிறுத்தி வைக்கும். ஐந்தாவது கண்ணை நான் அடைத்ததும் கடலைத் தடுக்க ஆள் இல்லை. ஆற்றுக்குள்ளும் ஏறியது, மணலுக்குள்ளும் ஏறியது. போதாக்குறைக்குக் கிணறு வெட்டி அதற்கு வழியும் காட்டிவிட்டேன். பரீட்சைத் தாளில் தெரிந்த விஷயம் ஆற்று மணலில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அந்த ஊருக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். மைமூன் லாத்தா வாசலில் நின்று, "வாங்க தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். வாசலில் ஒரு கூண்டு வண்டி மாடு பூட்டி நின்றது. வெளியே உட்கார வைத்து ஒரு கிளாஸில் டீ கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அத்தனை உப்பு.

"குடிங்க. நாங்க இதத்தான் குடிக்கிறோம்" என்றார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றினார்கள். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. வயிறு தெரிந்தது.

"எம் மக. ஒம்பது மாசம். தலைப்பிரசவம். எங்க ஊர்ல கல்யாணம் முடிஞ்சாலும் பொம்பளப் புள்ள தாய் வீட்டுலதான் இருக்கும். புள்ளையப் பெத்துக்கன்னு மாமியா வீட்டுக்கு அனுப்புனவ இந்த ஊர்ல ஒருத்தியும் இல்ல. நான் அனுப்புறேன். அங்கனதான் குடிக்கத் தண்ணி இருக்கு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வண்டி புறப்பட்டதும் கூடவே தெருமுனை வரைக்கும் நடந்து போனார். நான் அந்தக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தையும் குடித்துத் தீர்த்தேன். எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை.

ஐந்தாவது கண்ணின் பலகையை எடுத்துப் பார்த்தேன்; அதற்குள் ஆறு வற்றிவிட்டிருந்தது. அந்தக் கோடை முழுவதும் சின்னப்பட்டினத்துக்குத் தோணியில் குடிதண்ணீர் வந்தது. ஐப்பசி மழையில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடிய பிறகுதான் மணலில் இருந்த உப்பு கழன்றது. ஊற்றுகள் பழையபடி இனித்தன. நான் வெட்டிய கிணற்றை நானே நின்று தூர்த்தேன்.

மறுபடியும் தை வந்தது. நாலு கண்ணை அடைத்துவிட்டு ஐந்தாவதை விட்டேன். மறுநாள் காலையிலேயே அம்பலகாரர் முப்பது பேரோடு கலுங்குக்கு வந்துவிட்டார். ஆளுக்கொரு வைக்கோல் கட்டு. இரண்டு பேர் தோளில் பலகை.

"போன வருசம் அடைச்சீக. இந்த வருசம் என்ன நோவு?" என்றார்.

"போன வருஷம் அடைச்சது தப்பு. அந்தத் தப்பைச் செஞ்சது நான்."

கூட்டத்தில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. இலாகா ஆள் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனால் அம்பலகாரர் மசிகிற ஆள் இல்லை.

"கமுதிக்காரருன்னு சொன்னாக. தண்ணி அருமை தெரிஞ்சவருன்னு நெனச்சோம். ஒரு வருசம் குடுத்துட்டு மறு வருசம் புடுங்குனா நாங்க எங்கன போறது? எங்க பயிரு மட்டும் காஞ்சு போகலாமா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். இந்த வேலையில் பெரிய கஷ்டம் அதுதான், தம்பிகளே. எதிரே நிற்கிறவர் அயோக்கியராக இருந்தால் போலீஸைக் கூப்பிடலாம். அவரும் நியாயம் பேசினால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் போலீஸ் பேச்சையே எடுக்கவில்லை. "வாங்க, உங்க வாய்க்காலைப் பார்ப்போம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். கலுங்கிலிருந்து கண்மாய் வரைக்கும் வாய்க்காலில் அங்கங்கே மணல் மேடு. கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் பாதிக்கு மேல் குட்டை குட்டையாக நின்று வெயிலில் வற்றிக்கொண்டிருந்தது.

"இதை நான் ஆள் விட்டு வெட்டித் தாரேன். நாளைக்கே ஆரம்பிக்கிறேன். அஞ்சாவது கண்ணுல அடிப்பலகையை மட்டும் போடுவோம். அதுக்கு மேல ஒரு சாண் உசரத்துக்குத் தண்ணி கடலுக்குப் போகட்டும். அந்த ஒரு சாணைவிட அதிகமா இந்த வாய்க்கால்ல மிச்சம் பிடிச்சுத் தாரேன். தராட்டி நீங்களே வந்து அடைங்க."

அவர் வாய்க்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசையைத் தடவினார். "சரி. ஆனா ஒரு கண்டிசன்" என்றார். "ராவோட ராவா அந்த ஊர்க்காரன் வந்து அடிப்பலகையையும் உருவிருவான். அதனால ரெண்டு ஊரு ஆளும் கலுங்குல உக்காரணும். பலகையப் போட்டாலும் எடுத்தாலும் ரெண்டு ஊரு கையும் சேந்து படணும். ஒத்தக் கை பட்டா செல்லாது."

சந்தேகத்தில் போட்ட கண்டிஷன்தான். எனக்கும் அப்போது அது வீம்பாகத்தான் பட்டது. ஒத்துக்கொண்டேன். சின்னப்பட்டினத்துக்காக சுல்தான் காக்கா என்று ஒரு பழைய தோணிக்காரர் வந்து உட்கார்ந்தார். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். வெள்ளாங்குடிக்காக அம்பலகாரரே உட்கார்ந்தார். வேறு யார்மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. முதல் மூன்று நாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் ஒரே வெற்றிலைப் பெட்டி. வாய்க்காலை நான் வெட்டி முடித்தபோது கண்மாயில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் மாலை போட்ட அன்றுகூட வரவில்லை.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த மாதமே மலையாள ராஜ்ஜியத்திலிருந்து ஒரு பெரிய இன்ஜினீயர், நம் ஆபீஸர்களோடு ஆற்றைக் கடைசி வரைக்கும் பார்க்க வருகிறார் என்று தகவல். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எங்கள் பெரிய ஆபீஸர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், வேலையில் புலி. அவரிடம்தான் நான் வேலை கற்றேன். பெயர் வேண்டாம்.

இறங்கியதும் ஐந்தாவது கண்ணைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னய்யா இது? சுரங்கத்து வழியா வர்ற தண்ணி எங்களுக்குப் போதலைன்னு அவங்ககிட்ட கேட்கப் போறோம். இங்க தண்ணி கடல்ல விழுறதை அவரே பார்த்தா என்ன ஆகும்? 'உங்களுக்கே மிஞ்சிப்போய்க் கொட்டுறீங்க'ன்னு சொல்ல மாட்டாரா? மேலே இருக்கிற அத்தனை ஊருக்கும் நீ பதில் சொல்வியா? போடு பலகையை. ஒரு மணி நேரம்தான். அவர் போனதும் எடுத்துக்கோ."

அவர் பயந்தது நியாயமான பயம். ஒரு மணி நேரம் அடைத்தால் உப்பு ஏறிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு ராஜ்ஜியத்துக் காகிதத்திலும், இந்தக் கலுங்கில் ஐந்து கண்ணும் அடைத்திருக்கும் என்று ஏறிவிடும். அடுத்து வருகிற ஓவர்சீயர் காகிதத்தைப் பார்ப்பான். அவனும் என்னை மாதிரியே படித்தவனாக இருப்பான். சின்னப்பட்டினத்து வாசலில் இன்னொரு கூண்டு வண்டி நிற்கும்.

அதனால் சொன்னேன்: "எழுத்துல குடுத்துடுங்க சார். போட்டுடறேன்."

"எனக்கே ரூல் சொல்றியா?" என்று கத்தினார். எழுதித் தரமாட்டார் என்று எனக்குத் தெரியும். லஸ்கரைப் பார்த்து, "நீ போடுய்யா" என்றார். லஸ்கர் பலகையைத் தூக்கினார். கலுங்கின் அந்தக் கோடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அம்பலகாரர் எழுந்து வந்தார்.

"அய்யா, பொறுங்க. ஒத்தக் கை படக்கூடாது."

"யாருய்யா நீ?"

"வெள்ளாங்குடி அம்பலம். இந்தக் கண்ண அடைக்கணும்னு ஓவர்சீயரோட சண்டை போட்டவனே நாந்தான்."

"அப்ப அடைச்சா உனக்குத்தானே லாபம்?"

"லாபந்தான். ஆனா பேச்சு பேசியிருக்கே. அந்த ஊரு கையும் சேந்து படணும்." திரும்பிக் கூப்பிட்டார். "காக்கா! பெரிய அய்யா அடைக்கச் சொல்றாக. கை வைக்கிறீகளா?"

சுல்தான் காக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். "நான் கை வச்சா எங்க ஊருப் பொம்பளைக என்னைய ஊருக்குள்ள விடமாட்டாளுக."

"காக்கா மாட்டேங்குறாரு. செல்லாதுய்யா" என்றார் அம்பலகாரர். லஸ்கர் பலகையைக் கீழே வைத்துவிட்டார். வீம்பு என்று நான் நினைத்த அந்தக் கண்டிஷன்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. அதற்குள் மேற்கே கரையில் புழுதி கிளம்பியது. கார் வந்துவிட்டது.

மலையாள இன்ஜினீயர் ஒல்லியான மனுஷர். வெள்ளைச் சட்டை, கையில் குடை. நேரே கலுங்கின் மேல் ஏறி ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்து ஐந்தாவதில் நின்றார்.

"இது எங்கோட்டு போகுது?" என்று அரைத் தமிழில் கேட்டார்.

"பலகை கொஞ்சம் பழசு. கசியுது. இன்னிக்கே சரி பண்ணிடுவோம்" என்றார் எங்கள் ஆபீஸர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நானும் தலையை ஆட்டியிருந்தால் என் வேலைக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

"கசிவு இல்லை சார். கடலுக்குப் போகுது. நான்தான் திறந்து விட்டிருக்கிறேன்" என்றேன்.

ஆபீஸர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இன்ஜினீயர் குடையை மடக்கினார். "எதுக்கு?"

"ஒரு மைல் நடக்க முடியுமா சார்?"

நடந்தார். கொதிக்கிற மணலில் எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஊற்றில் ஐந்தாறு பெண்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விலகினார்கள். மைமூன் லாத்தா மட்டும் சிரட்டையோடு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். போன சித்திரைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை.

இன்ஜினீயர் குழிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து சிரட்டைக்குக் கை நீட்டினார். மேல் தண்ணீரை மெல்ல அள்ளிக் குடித்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஊற்றைத் தொடாமல் தள்ளி ஓர் இடத்தில் தன் கையாலேயே மணலைப் பறித்தார். தோள் வரைக்கும் கை உள்ளே போகிற அளவுக்குப் பறித்து, அடியில் ஊறியதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். உடனே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவிடெயும் ஓரு கேறும், அல்லே?" என்றார் மைமூன் லாத்தாவைப் பார்த்து. ஓரு என்றால் கடலிலிருந்து ஏறி வருகிற உப்புத் தண்ணீர் என்று பின்னால் அவரே சொன்னார். அவர் பிறந்த ஊர் காயல் என்கிற உப்பங்கழி ஓரமாம். வருஷா வருஷம் ஊர் கூடி மண்ணால் முட்டுக் கட்டித்தான் அங்கே வயலைக் காப்பாற்றுவார்களாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அவரும் மண் சுமந்திருக்கிறாராம்.

மைமூன் லாத்தாவுக்கு அவர் பேசியது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "ஏறும்ங்க. மேல தண்ணி விட்டாத்தான் எறங்கும்" என்றார்.

இன்ஜினீயர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். எங்கள் ஆபீஸரிடம், "இது வீண் அல்ல, சார். இது குடிக்கிற வெள்ளம்" என்றார். தண்ணீரை அவர்கள் வெள்ளம் என்பார்கள். பையிலிருந்து நோட்டை எடுத்து ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு வரியைக் குறுக்கே அடித்தார். என்ன வரி என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அதற்காக அவர் நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். மேஜையில் உட்கார்ந்ததும் கறாராகத்தான் பேசினாராம். அந்த ஐந்தாவது கண்ணைப் பற்றி மட்டும் எதிர்ப்பேச்சு வரவில்லை.

எங்கள் ஆபீஸர் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஜீப்பில் ஏறிப் போனார். வீட்டில் பெட்டி கட்டச் சொல்லிவிட்டேன். மாற்றல் நிச்சயம் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம் தபாலில் அவர் கையெழுத்திட்ட உத்தரவு வந்தது. மாற்றல் உத்தரவு இல்லை. இந்தக் கலுங்கின் ஐந்தாவது கண்ணைக் குடிநீரை முன்னிட்டு எக்காரணம் கொண்டும் முழுவதுமாக அடைக்கக் கூடாது என்று டைப் அடித்திருந்தது. ஓரத்தில் பேனாவால் அவர் கைப்பட ஒரு வரி: "எழுத்தில் கேட்டாயே, இந்தா." அந்தக் காகிதத்தின் நகல் இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, வீட்டுக்காரியிடம் பாட்டு வாங்குகிறேன்.

ஆனால் அந்தக் காகிதத்தைவிடப் பெரியது எனக்கு அன்று மத்தியானமே கிடைத்துவிட்டது. கார்களெல்லாம் போன பிறகு நான் ஊற்றங்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். வெயிலில் நாக்கு வறண்டு கிடந்தது. மைமூன் லாத்தா ஒரு சொம்பு நிறைய அள்ளி என் முன்னால் நீட்டினார். வாங்கி அண்ணாந்து முழுவதும் குடித்தேன். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தேன்.

"தண்ணி ஐப்பசியிலயே நல்லாயிருச்சு தம்பி" என்றார். "நீங்க தையில என்ன செய்வீகளோன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். பேத்திய நான் இன்னும் கண்ணுல பாக்கல."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"இப்பப் போயி வண்டி அனுப்பச் சொல்றேன். எம் மக நாளைக்கு வீட்டுக்கு வாரா."